வசதி குறைந்தவர்களும் வசதி மிகுந்தவர்களும்: நல்வாழ்வை ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழ்க்கைத்தர ஆய்வுகளுக்கான கேள்விப் படிவங்களைத் தமிழாக்கம் செய்வதிலும், அவற்றை எடுத்துக்கொண்டு தொண்டூழியராக வீடு வீடாகச் செல்வதிலும் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. சிங்கப்பூரின் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் இதைப் பற்றித் தமிழில் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய அதே சந்தேகங்களே எழுகின்றன. கேட்டவர்களின் பேச்சை மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நல்வாழ்வு, நல்வாழ்வுன்னு சொல்றீங்களே, சந்தோஷம்னு சொன்னா போதாதா?

போதாது. நேற்று பேரப்பிள்ளைகள் வந்து போனதில் மனம் குளிர்ந்திருந்தது என்பது ஒன்று. என் வாழ்க்கை மொத்தத்தில் நன்றாகவே அமைந்திருக்கிறது என்ற மதிப்பீடு இன்னொன்று. முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்க்க முடிகிறது, பிள்ளையைப் படிக்க வைக்க முடிகிறது, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு அச்சமின்றித் தூங்க முடிகிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் வாழ்கிறவர்தான் சொல்ல முடியும். மூன்றாவதை வெளியிலிருந்தும் பார்த்து அறியலாம்.

இம்மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே உயரும், சேர்ந்தே தாழும். ஆனால் எப்போதும் அப்படி நடப்பதில்லை. ஏழைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்ற வாதத்தில் ஒருவர் முதலாவதைப் பற்றிப் பேச, மற்றவர் மூன்றாவதைப் பற்றி மறுமொழி சொல்வதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

மனசுல இருக்கிறதை எப்படிங்க நம்பர் போட்டு அளப்பீங்க?

உலகில் அதிகம் பயன்படும் கருவி ஓர் ஏணி. 1960களில் ஹேட்லி கேன்ட்ரில் என்ற உளவியலாளர் வகுத்தது. அடியில் 0, உச்சியில் 10. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியிலும் மிக மோசமான வாழ்க்கை அடியிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதே கேள்வி. கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் பெரும்பாலான நாடுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,000 பேரிடம் இதைக் கேட்கிறது. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை மூன்றாண்டுப் பதில்களின் சராசரியைக் கொண்டே நாடுகளை வரிசைப்படுத்துகிறது. அறிக்கையின் பெயரில் மகிழ்ச்சி இருந்தாலும், அந்த வரிசை முந்தைய பதிலில் சொன்ன இரண்டாவது வகையைத்தான் அளக்கிறது.

முதல் வகையை அறிய, நேற்று சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா, மரியாதையாக நடத்தப்பட்டீர்களா என்று கேட்பார்கள். மூன்றாவதற்குப் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் முன்னின்று உருவாக்கி 1990இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட மனித மேம்பாட்டுக் குறியீடு இருக்கிறது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்துக் கணிப்பது அது.

அப்போ பணக்கார நாட்டு ஆளுங்கதான் மேல் படியில நிக்கிறாங்களா?

பெரும்பாலும் ஆம். நாடுகளின் சராசரியை எடுத்துப் பார்த்தால் வருமானம் கூடக் கூட ஏணிப்படியும் உயர்கிறது. ஆனால் அது வெள்ளிக்கு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உயர்வதில்லை, மடங்குக்கு மடங்கு உயர்கிறது. மாதம் 800 வெள்ளி ஈட்டுபவர் 1,600 வெள்ளிக்கு வரும்போது எவ்வளவு ஏறுகிறாரோ, அதே அளவு ஏற 8,000 வெள்ளிக்காரர் 16,000 வெள்ளிக்குப் போக வேண்டும். கீழே இருப்பவர் கையில் சேரும் ஒவ்வொரு வெள்ளியும் எத்தனை வலுவானது என்பதை இதிலிருந்தே காணலாம்.

விலக்குகளும் உண்டு. 2025ஆம் ஆண்டு அறிக்கையில் கோஸ்ட்டா ரிக்கா 6ஆம் இடத்தில் இருந்தது. அதைவிடப் பலமடங்கு வசதி படைத்த அமெரிக்கா 24ஆம் இடத்தில் இருந்தது.

ஓர் அளவுக்கு மேல சம்பளம் ஏறினாலும் மகிழ்ச்சி ஏறாதுன்னு படிச்சேனே?

அது 2010இல் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 75,000 டாலருக்கு மேல் அன்றாட உணர்வுகள் மேம்படவில்லை என்றார்கள். வாழ்க்கையைப் பற்றிய மதிப்பீடு அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போனதாகவும் அதே கட்டுரையில் சொன்னார்கள். பரவும்போது பின்பாதி உதிர்ந்துவிட்டது.

2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் அப்படியொரு எல்லையே தென்படவில்லை என்று எழுதினார். கருத்து மாறுபட்டவர்களே சேர்ந்து உட்கார்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சி மிகக் குறைந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டுமே அந்தத் தேக்கம் உண்டு, மற்றவர்களுக்குத் தொடர்ந்து உயர்கிறது என்று முடிவானது. கருத்து மோதலை இப்படிக் கூட்டு ஆய்வாக மாற்றிக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நாடு இவ்வளவு வளர்ந்தும் ஜனங்க முகத்துல அந்த அளவு நிறைவு இல்லையே, ஏன்?

இதே கேள்வியை 1974இல் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் எழுப்பினார். ஒரு நாட்டுக்குள் எந்தக் காலத்திலும் வசதியுள்ளவர்கள் மற்றவர்களைவிட நிறைவாக இருக்கிறார்கள். ஆனால் நாடு முழுவதும் செல்வம் பெருகும்போது சராசரி நிறைவு அதே வேகத்தில் உயர்வதில்லை என்று அவர் காட்டினார். 2008இல் பெட்ஸி ஸ்டீவன்சனும் ஜஸ்டின் வுல்ஃபர்ஸும் இதை மறுத்தார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை. ஈஸ்டர்லின் சொன்ன காரணம் மட்டும் எல்லார்க்கும் பயன்படும்: நாம் நம் நிலையை அக்கம்பக்கத்தாருடன் ஒட்டி அளக்கிறோம், எல்லாரும் ஏறும்போது அளவுகோலும் ஏறிவிடுகிறது.

ஒண்ணுமே இல்லாத ஜனங்க நம்மளைவிட நிறைவா இருக்காங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

சில இடங்களில் நிஜம். 2024இல் எரிக் கால்பிரெய்த்தும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், உலகெங்கும் 19 இடங்களில் வாழும் பழங்குடி, சிறு சமூகத்தினர் 2,966 பேரிடம் வாழ்க்கை நிறைவைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோரின் ஆண்டு வருமானம் 1,000 டாலருக்கும் குறைவு. சராசரி மதிப்பெண்ணோ 10க்கு 6.8. நான்கு இடங்களில் 8க்கும் மேல். நிலமும் ஆறும் கடலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இத்தகைய இடங்களில் பணம் வாழ்க்கையின் ஒரு பகுதி மட்டுமே.

நகரத்து வறுமை வேறு மாதிரியானது. கொல்கத்தாவில் குடிசைவாசிகள், பாலியல் தொழிலாளர்கள், நடைபாதையில் வசிப்பவர்கள் என 83 பேரிடம் நடத்தி 2001இல் வெளியான ஆய்வில், மொத்த வாழ்க்கை பற்றிய மதிப்பெண் நடுநிலைக்குச் சற்றே கீழே இருந்தது. குடும்பம், நட்பு, தம் ஒழுக்கம் என்று தனித்தனியாகக் கேட்டபோது நிறைவு தெரிவித்தார்கள். நாம் எதிர்பார்த்த அளவு தாழவில்லை என்பது உண்மை. நடுத்தர வர்க்கத்தாரோடு ஒப்பிட்டால் குறைவே என்பதும் உண்மை. இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் மேடையில் சொல்பவர்கள் அந்த மக்களுக்கு நியாயம் செய்வதில்லை.

போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்துன்னு பெரியவங்க சொல்லலியா? அவங்களே நிறைவா இருக்கோம்னு சொல்லும்போது நாம எதுக்கு உதவி, திட்டம்னு போய் நிக்கணும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியது இதுதான்.

வருமானம் குறைந்தவர்களுக்கான ஓரறை அரசு வாடகை வீட்டில் தனியாக வசிக்கும் ஓர் அம்மாவிடம் ஏணிப் படத்தைக் காட்டினேன். எழுபது வயதைக் கடந்தவர். காலையில் உணவங்காடி நிலையத்தில் தட்டு எடுக்கும் வேலை செய்கிறார். விரலைப் படத்தின் மேல் மெல்ல ஏற்றிக்கொண்டு போய், "எட்டு போட்டுக்கோ தம்பி. பத்துன்னு சொன்னா கண்ணு படும்" என்றார். நான் எட்டு என்று எழுதினேன். படிவத்தில் கையெழுத்துப் போடக் குனிந்தபோதுதான் அவர் கண்ணாடியைக் கவனித்தேன். ஒரு பக்கக் காம்பு உடைந்து வெள்ளை நூலால் சுற்றப்பட்டிருந்தது, வில்லையில் குறுக்கே ஒரு கீறல். கண்ணைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்று கேட்டதற்கு, "தெரியுற வரைக்கும் தெரியட்டும்" என்றார். அந்த எட்டு பொய்யில்லை. அந்தக் கண்ணாடியும் பொய்யில்லை.

மனிதர்கள் குறைவோடு வாழப் பழகிக்கொள்கிறார்கள் என்பதைப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பல இடங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறார். அவர் சுட்டும் ஒரு கணக்கு எனக்கு மறப்பதில்லை. வங்கப் பெரும் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல் கல்கத்தாவுக்கு அருகே எடுத்த ஆய்வில், மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தம் உடல்நலம் சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர்தான். அந்தக் கைம்பெண்கள் ஆண்களைவிட உடல்நலத்தோடு இருந்ததால் வந்த எண் அல்ல இது. தமக்கென்று ஒன்றைக் கேட்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு விடப்படவில்லை. கேரளமும் பீகாரும் இதற்கு இன்னொரு சான்று. ஆயுள் நீண்ட கேரளத்தில்தான் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம். பீகாரில் மிகக் குறைவு. படித்தவர்களும் மருத்துவமனையை எளிதில் அடைபவர்களுமே தம் நோயை நோய் என்று அறிந்து சொல்கிறார்கள்.

எனவே போதும் என்ற மனம் அந்த அம்மாவின் பண்பு, அதை நான் வணங்குகிறேன். அவருக்குப் புதுக் கண்ணாடி தேவையில்லை என்பதற்கு அதை ஆதாரமாக்க எவருக்கும் உரிமையில்லை. போதும் என்று சொல்ல வேண்டியவர் அவர். அவருக்கு அது போதும் என்று நாம் சொல்லக்கூடாது.

அப்படின்னா அவங்க சொல்றதைக் கேக்கவே வேணாமா? ஆயுள், படிப்புன்னு வெளிக்கணக்கு மட்டும் போதுமே?

அதுவும் தவறு. வெளிக்கணக்கு மட்டும் வைத்திருந்தால், அந்த அம்மாவை எட்டாம் படியில் ஏற்றி வைத்திருப்பது எது என்பது நமக்குத் தெரியாமலே போகும். வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழகும் தாழ்வாரமே அவருக்குப் பாதி வீடு. புதிய இடத்தில் பெரிய வீடு கொடுத்துத் தாழ்வாரத்து மனிதர்களைப் பிரித்துவிட்டால், வெளிக்கணக்கு உயரும், அவருடைய எட்டு இறங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் ஒப்பீடு.

சிங்கப்பூரையும் தமிழ்நாட்டுல ஒரு கிராமத்தையும் ஒப்பிடுறது நியாயமா?

ஒப்பிடலாம், முதலில் பணத்தைச் சரிசெய்ய வேண்டும். இங்கே ஒரு வெள்ளிக்கு வாங்குவதும் அங்கே அதன் ரூபாய் மதிப்புக்கு வாங்குவதும் ஒன்றல்ல என்பதால், நாணய மாற்று விலையை விட்டுவிட்டு வாங்கும் சக்தியைக் கொண்டு கணக்கிடுவார்கள். உலக வங்கி 2025இல் நாளுக்கு 3 டாலர் என்று உயர்த்திய கடும் வறுமைக்கோடும் இந்தக் கணக்கில்தான்.

பணத்தைச் சரிசெய்த பிறகும் ஏணி சரியாவதில்லை. கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டும் வேலை செய்யும் ஒரு தம்பியிடம், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) ஒரு திடலில் உட்கார்ந்து ஏணிப் படத்தைக் காட்டினேன். சற்று நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "அண்ணே, இது நம்மூர் ஏணியா, இந்த ஊர் ஏணியா?" என்று கேட்டார். எப்படி வைத்துக்கொண்டாலும் சரி என்றேன். "நம்மூருன்னா ஏழு. தங்கச்சி கல்யாணம் முடிச்சாச்சு, வீட்டுக்குத் தளம் போட்டாச்சு. இந்த ஊருன்னா மூணு" என்றார். ஒரே மனிதர், ஒரே ஞாயிறு, இரண்டு எண்கள். படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. அன்றிலிருந்து, யாரோடு ஒப்பிட்டு இந்தப் படியைச் சொன்னீர்கள் என்பதையும் ஓரத்தில் எழுதி வாங்குகிறேன்.

ஒரே ஊருக்குள்ள, வாடகை வீட்டையும் எதிர்ல இருக்கிற கூட்டுரிமை (காண்டோ) வீட்டையும் ஒப்பிட்டா?

அங்கேதான் ஒப்பீடு மிகவும் கூர்மையாகிறது, ஏனென்றால் விலைவாசியும் சட்டமும் பேருந்தும் ஒன்று, வருமானம் மட்டும் வேறு. சிங்கப்பூரின் வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி எண், 2024ஆம் ஆண்டுக்கு 0.435 ஆக இருந்தது. அரசாங்க உதவிகளையும் வரிகளையும் கணக்கில் சேர்த்தபின் 0.364. அனைவருக்கும் சமமென்றால் 0, எல்லாம் ஒருவருக்கே என்றால் 1. உதவித் திட்டங்கள் அந்த இடைவெளியைக் குறைக்கின்றன என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

வசதியான ஊரில் ஏழையாக இருப்பதற்குத் தனிச் செலவு உண்டு. 2019இல் இங்குள்ள ஆய்வாளர்கள், சாதாரண மக்களையே குழுக்களாக உட்காரவைத்து, ஒரு முதியவருக்கு அடிப்படையாக என்னென்ன வேண்டும் என்று பொருள் பொருளாகப் பேசவைத்தார்கள். தனியே வாழும் 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதம் 1,379 வெள்ளி என்று கணக்கு வந்தது. உணவும் உறைவிடமும் மட்டும் அடிப்படைத் தேவை என்று அந்த மக்கள் கருதவில்லை. மரியாதை, பிறரோடு கலந்து பழகுதல், தம் சமயத்தையும் பண்பாட்டையும் பின்பற்றுதல் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். கல்யாணத்துக்கு மொய் எழுத முடியாததால் கல்யாணத்துக்கே போகாமல் விட்டவர்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தங்குவிடுதியில இருக்கிற நம்ம ஊழியர்கள் இந்தக் கணக்குல வர்றாங்களா?

தங்குவிடுதிகளில் வாழும் வெளிநாட்டு ஊழியர்கள் மேலே சொன்ன கினி எண்ணில் வரமாட்டார்கள். அது குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ தலைவராகக் கொண்ட குடும்பங்களைப் பற்றிய கணக்கு. கணக்கெடுப்பின் நோக்கம் அதுவாக இருக்கலாம். ஆனால் "சிங்கப்பூரில்" என்று பேசும்போது யார் உள்ளே, யார் வெளியே என்பதைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். எந்த ஒப்பீட்டைக் கண்டாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

சந்தோஷப் பட்டியல்ல சிங்கப்பூர் ஏன் பின்லாந்துக்கு இவ்வளவு பின்னாடி?

பின்லாந்து 2018 முதல் முதலிடத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் 2024இல் 30ஆம் இடத்திலும் 2025இல் 34ஆம் இடத்திலும் இருந்தது. சக மனிதர்மீதும் அரசு அமைப்புகள்மீதும் உள்ள நம்பிக்கை, வேலை போனாலும் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு ஆகியவற்றை வடக்கு ஐரோப்பிய நாடுகளுக்கான காரணமாகச் சொல்கிறார்கள். பதில் சொல்லும் பழக்கமும் ஒரு பங்கு வகிக்கிறது. உச்சிப் படியைத் தொட நம்மவர்கள் தயங்குகிறார்கள். கண்ணுபடும் என்ற அந்த அம்மாவின் பதிலை நினைத்துக்கொள்ளுங்கள். 2012இல் கேலப் வெளியிட்ட கணக்கில், நேற்று இன்ன உணர்வு இருந்ததா என்ற கேள்விகளுக்கு ஆம் என்று சொன்னவர்கள் சிங்கப்பூரில் 36 விழுக்காடுதான், உலகிலேயே குறைவு. நம் ஊரில் உணர்வே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ள நான் தயாரில்லை.

தமிழ்ல கேட்டா பதில் மாறுமா?

மாறும். மகிழ்ச்சி, திருப்தி, நிறைவு மூன்றும் மூன்று பொருள். "வாழ்க்கையில் திருப்தியா?" என்று கேட்டால், திருப்தியில்லை என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சு என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள், பதில் உயர்ந்துவிடுகிறது. "எப்படி இருக்கீங்க?" என்றால் "ஏதோ போகுது" என்று வரும், நன்றாக இருப்பவர்களிடமிருந்தும். ஆகவே நான் ஏணியைப் படமாக வரைந்து, சொல்லைக் குறைத்துக் கேட்கிறேன்.

எங்க தாத்தா கம்பத்து வாழ்க்கைதான் சொர்க்கம்னு சொல்வாரு. அது பொய்யா?

பொய்யில்லை, பழைய கிராமக் குடியிருப்பான கம்பத்தைச் சொல்லும்போது அவர் முதல் வகையை, அதாவது மனம் உணர்ந்த மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறார். கதவு பூட்டாத வீடு, பலகாரத் தட்டு வேலி தாண்டிப் போவது, மூன்று மொழியில் சண்டையும் சமாதானமும். இவை உண்மையான செல்வங்கள். அதே கம்பங்களில் 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. 1960இல் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். இப்போது அது 2ஐ ஒட்டி இருக்கிறது. தாத்தாவிடம் இரண்டைப் பற்றியும் கேளுங்கள். இழந்த தம்பி தங்கைகளைப் பற்றியும் அவரே சொல்லக்கூடும்.

பணம் வந்ததால நிறைவா இருக்காங்களா, நிறைவா இருக்கிறவங்க நல்லா சம்பாதிக்கிறாங்களா?

இரண்டும் நடக்கும். பிரித்தறிய, பணம் தற்செயலாக வந்த இடங்களைப் பார்க்கிறார்கள். ஸ்வீடனில் பெரிய லாட்டரிப் பரிசு பெற்றவர்களைத் தொடர்ந்து, 2020இல் வெளியிட்ட ஆய்வில், பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவர்களின் வாழ்க்கை நிறைவு உயர்ந்தே இருந்தது. கென்யாவில் ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து நிபந்தனையின்றிப் பணம் கொடுத்தபோது, பெற்றவர்களின் மனநலம் மேம்பட்டது. பெறாத அண்டை வீட்டாரின் நிறைவோ சிறிது காலம் குறைந்தது. ஈஸ்டர்லின் சொன்னது அங்கும் வந்து நிற்கிறது.

பள்ளித் திட்டவேலைக்கு ரெண்டு புளோக்கை ஒப்பிடப் போறேன் அண்ணே, என்ன கவனிக்கணும்?

இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களிலும் ஒத்த வயதினரைக் கேளுங்கள்; முதியவர் நிறைந்த புளோக்கையும் இளங்குடும்பங்கள் நிறைந்த புளோக்கையும் ஒப்பிட்டுவிட்டு வருமானத்தின் விளைவு என்று எழுதிவிடாதீர்கள். பகலில் மட்டும் போனால் வேலைக்குப் போகிறவர்கள் விடுபடுவார்கள். இருபது பேரின் சராசரியில் அரைப்படி வேறுபாடு தற்செயலாகவும் வரும். மூன்று வகையிலிருந்தும் ஒரு கேள்வியாவது வையுங்கள். பணத்தைப் பற்றிக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்டால் அதற்குப் பின் வரும் எல்லாப் பதிலிலும் பணத்தின் நிழல் விழும்.

நீங்க கேட்டுக்கிட்டுப் போயிடுறீங்க, பதில் சொன்ன எங்களுக்கு என்ன?

இது வாசலில் நின்று கேட்கப்பட்ட கேள்வி, கேட்டவர் அந்த எட்டாம் படி அம்மாதான். அப்போது என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் முடிவுகளைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த பதினொரு பேருக்கு வாசித்துக் காட்டினேன். இலவசக் கண் பரிசோதனை எங்கே எப்போது என்ற விவரமும் அதே தாளின் பின்பக்கத்தில் இருந்தது.

வாசித்து முடித்ததும் அந்த அம்மா, "உனக்கு ஒரு அவசரம்னா யார் உதவுவாங்கன்னு கேட்டீங்க. நான் யாருக்கு உதவுறேன்னு கேக்கவே இல்லையே?" என்றார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கு நாள் தவறாமல் காலைச் சாப்பாடு வாங்கி வருவது அவர்தான் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். இப்போது எங்கள் படிவத்தில் பதினோராம் கேள்வியாக அது இருக்கிறது.